ஒரு பித்தளைக் கூட்டை எத்தனை முறை திரும்ப நிரப்பலாம்?

4 ஜனவரி, கேள்வி

போல்ட் ரைஃபிள், .308 வின்செஸ்டர். உரிமம் வாங்கி வீட்டில் ரீலோடிங் (சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் நிரப்புவது) தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒரு கூட்டை 5 முறைக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறார் உடன் சுடும் ஒருவர். இன்னொருவர் அதே காலிபரில் 20 முறை தாண்டிவிட்டாராம். எது சரி? என்னிடம் 4 முறை சுட்ட கூடுகள் 200 இருக்கின்றன. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை.

4 ஜனவரி, இரவு

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பித்தளை சுடும்போது விரிகிறது, பழைய அளவுக்கு அமுக்கும் டை என்ற அச்சுக்குள் போகும்போது சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்கியே இறுகிப்போகும். குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்து இறுகினால் ஒருநாள் நெடுக்காகப் பிளக்கும். 4 முறைக்கு ஒருதரம் கழுத்தை அனீல் செய்தால், அதாவது சூடு காட்டி இளக்கினால், பிளக்காது, 15 வரை தாராளமாகப் போகலாம். உங்கள் 200-ம் நல்ல நிலையில்தான் இருக்கும். அனீல் செய்துவிட்டுத் தொடருங்கள்.

5 ஜனவரி

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கழுத்தை மட்டும் பேசி அடிப்பகுதியை விட்டுவிட்டேன். "நல்ல நிலையில்தான் இருக்கும்" என்று பார்க்காமல் சொன்னதும் தவறு. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த 200-ஐ நிரப்ப வேண்டாம்.

கழுத்துப் பிளவு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டால் விஷயம் முடிந்தது. அடிப்பகுதி அப்படி இல்லை. அங்கே சுவர் உள்ளுக்குள்ளேயே மெலியும், வெளியே கடைசி நேரத்தில்தான் தெரியும். கூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இடம்தான்.

சுடும் நொடியில் நடப்பது இது. ஊசி அடித்ததும் தோட்டா முன்னால் தள்ளப்பட்டு, கழுத்துக்குக் கீழே கூடு சரியும் தோள், தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் தோளில் போய் முட்டுகிறது. கூட்டின் அடிக்கும், சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுகிறது. அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்சுவர் விரிந்து சேம்பரைக் கவ்விக்கொள்ளும், அசையாது. தடித்த அடிப்பகுதி கவ்வாது, பின்னால் போய் போல்ட்டில் முட்டும். .308-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அந்த விசையில் முன்பாதி நிற்க, பின்பாதி நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு குறுகிய வளையம் மட்டும் இழுபட்டு நீள்கிறது. அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே அந்த வளையம்.

ஒருமுறை இழுபட்டால் பாதகமில்லை. சுட்ட கூடு இப்போது உங்கள் சேம்பரின் அளவுக்கு வந்துவிட்டது. அதை அப்படியே விட்டால் அடுத்த முறை இடைவெளியே இருக்காது. ஆனால் நாம் டையில் போட்டுத் தோளைப் பின்னால் தள்ளிவிடுகிறோம். இடைவெளி மறுபடி உண்டாகிறது, அதே வளையம் மறுபடி இழுபடுகிறது.

எனவே "எத்தனை முறை?" என்பதைவிட, "ஒவ்வொரு முறையும் தோளை எவ்வளவு பின்னால் தள்ளுகிறீர்கள்?" என்பதுதான் நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. 5 முறை என்றவர் நிறையத் தள்ளுகிறவராக இருக்கலாம். 20 தாண்டியவர் அளந்து தள்ளுகிறார்.

5 ஜனவரி, சற்று நேரம் கழித்து

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ரீலோடிங் தொடங்கிய மூன்றாம் ஆண்டு. ஏழாவது முறை நிரப்பிய கூடுகள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை, எல்லாவற்றையும் பளபளவென்று துலக்கி வைத்திருந்தேன். ஒரு சுடுதலில் சத்தம் வழக்கம்போலத்தான் இருந்தது, ஆனால் முகத்தில் சூடாக ஒரு ஊதல். கண்ணாடியில் புள்ளிபுள்ளியாகக் கரி. போல்ட்டைத் திறந்தால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு அடித்துண்டு மட்டும் வெளியே வந்தது. மீதிக் கூடு சேம்பருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. துண்டின் ஓரம் கத்தியால் சுற்றிவர அறுத்ததுபோல் இருந்தது.

பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போடாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. சுடும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள், ஒரே ஒரு தோட்டா என்றாலும்.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். டையோடு வந்த தாளில், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று இறுக்கச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படியே செய்திருந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் தோள் 0.25 மி.மீ. பின்னால் போயிருக்கிறது. ஆறு முறை டையில் போட்டிருக்கிறேன், மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வளவு பித்தளையும் அந்த ஒரே வளையத்திலிருந்து இழுபட்டது.

அந்தத் தாளில் எழுதியிருந்தது பொய்யில்லை. அப்படி வைத்தால் எந்த ரைஃபிளிலும் தோட்டா உள்ளே போகும். அதற்காகத்தான் அந்த அளவு. கூடு எத்தனை நாள் உழைக்கும் என்பது அவர்கள் கவலை இல்லை.

6 ஜனவரி

எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வெர்னியரின் தாடையில் மாட்டும் ஒரு சின்னத் துண்டு உண்டு, கம்பேரட்டர் என்பார்கள். அதன் துளை தோளின் நடுவில் போய் உட்காரும். அடியிலிருந்து தோள்வரை எவ்வளவு என்று காட்டும். எண் சரியாக இருக்க வேண்டியதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை எடுத்துவிட்டு அளக்கவும். ஊசிக்குழியைச் சுற்றி மேடு தட்டியிருந்தால் கணக்கு தப்பும். டையில் போடாத சுட்ட கூட்டை அளந்து எழுதுங்கள், அப்புறம் போட்டு அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தள்ளும் அளவு.

போல்ட் ரைஃபிளுக்கு 0.025 முதல் 0.05 மி.மீ. போதும். அது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை.

டையை எப்படி அவ்வளவு நுணுக்கமாகத் திருப்புவது என்ற மலைப்பு எனக்கும் இருந்தது. ஒரு கணக்கு போட்டதும் போய்விட்டது. வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 1.81 மி.மீ. இறங்கும். 10 டிகிரி திருப்பினால் 0.05 மி.மீ. டையின் தலையில் பேனாவால் ஒரு கோடு, டையை மாட்டியிருக்கும் பிரஸ்ஸில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உயர வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். இறக்கும்போது முதலில் எண் கூடும், பயப்பட வேண்டாம். உடலை டை அழுத்துவதால் தோள் முன்னால் பிதுங்குகிறது. இன்னும் இறக்கினால்தான் குறையத் தொடங்கும்.

7 ஜனவரி

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. ஒரே ஒருமுறை சுட்ட கூடு பெரும்பாலும் சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது, அதை அடிப்படையாக வைத்தால் அளவு கொஞ்சம் தவறும். இரண்டு மூன்று முறை சுட்டு, போல்ட் மூடும்போது லேசாகப் பிடிக்கிறது என்று கையில் தெரிகிற கூட்டை எடுங்கள். உங்களுடையவை 4 முறை சுட்டவை. ஆனால் ஒவ்வொரு முறையும் டை முழுதாக அமுக்கியிருந்தால், அவையும் ஒருமுறை சுட்டவை மாதிரிதான்.

இன்னொருவர் தானியங்கி ரைஃபிளுக்கும் இதே அளவா என்று கேட்கிறார். இல்லை. அங்கே போல்ட் தானாக, முழுதாக மூடியாக வேண்டும். 0.08 முதல் 0.13 வரை தள்ளுங்கள். கூட்டின் ஆயுள் குறையும்தான். பாதி மூடிய போல்ட்டில் தோட்டா வெடிப்பதைவிடக் கூட்டை இழப்பது மேல்.

9 ஜனவரி

உள்ளே மெலிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் வழி. பேப்பர் கிளிப் ஒன்றை நேராக்கி, நுனியில் இரண்டு மி.மீ. அளவுக்குச் சதுரமாக மடக்கி, மடங்கிய முனையை அரம் போட்டுக் கூராக்குங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, நுனியைச் சுவரில் லேசாக அழுத்தி மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வாக்கில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறும். விரல் அதை உடனே சொல்லிவிடும். முதலில் புதுக் கூடு ஒன்றில் நாலைந்து தடவை இழுத்துப் பழகுங்கள். அடித்தளத்திலிருந்து சுவர் எழும் மூலை இயல்பாகவே தட்டும், அதைப் பள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையா, ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கூட்டின் சுவர் அடியில் தடித்து மேலே போகப்போக ஒரே சீராக மெலியும். கெட்டதில் நடுவே நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு குழிவு இருக்கும்.

9 ஜனவரி, இரவு

வெளியே தெரியும் பளபளப்பு வளையம் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். எல்லா வளையமும் அபாயம் இல்லை. டை இறங்கி நின்ற இடத்திலும் ஒரு பளபளப்புக் கோடு விழும், அது வெறும் உராய்வு. மெலிவால் வருவது மெல்லிய கோடு, சில சமயம் வெள்ளையாகவோ சொரசொரப்பாகவோ இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வருவதால் கண்ணை நம்பாமல் கிளிப்பைப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

12 ஜனவரி

.303 பிரிட்டிஷ் வைத்திருப்பவர் எழுதியிருக்கிறார், மூன்றாவது முறையிலேயே அடி கழன்றதாம். லீ என்ஃபீல்டு ரைஃபிள்களுக்கு இது பழைய கதை. அந்தத் தோட்டா விளிம்பில் உட்காருகிறது, தோளில் இல்லை. போர்க்களத்தில் சேறும் அழுக்கும் பட்ட தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாக வெட்டினார்கள். முதல் சுடுதலிலேயே தோள் வெகுதூரம் முன்னால் போய்விடும். அதை முழு டையில் போட்டுப் பழைய இடத்துக்குத் தள்ளுவது கூட்டைக் கையால் ஒடிப்பதற்குச் சமம்.

அவருக்கு என் யோசனை: கழுத்தை மட்டும் சைஸ் செய்யுங்கள், அதாவது டையில் அமுக்குங்கள், தோளைத் தொடாதீர்கள். ஒருமுறை சுட்ட பின் அந்தக் கூடு தோளில் உட்காரத் தொடங்கிவிடும். ஆனால் அது அந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டுமே சொந்தம், அடுத்தவர் ரைஃபிளில் போடக் கூடாது. அடியில் பட்டைபோல் பெல்ட் வைத்த மேக்னம் தோட்டாக்களுக்கும் இதே சங்கதிதான். பெல்ட்டை நம்பித் தோளை இஷ்டத்துக்குத் தள்ளினால் பெல்ட்டுக்குச் சற்று முன்னால் அறுந்துவிடும்.

13 ஜனவரி

எண்ணெய். டையில் போட லூப் என்ற வழுக்கெண்ணெய் தடவுகிறோம், தடவாவிட்டால் கூடு டைக்குள் சிக்கி, துளையிட்டு மரை போட்டு இழுக்க வேண்டிவரும். ஆனால் சைஸ் செய்து முடித்ததும் துடைத்தே ஆக வேண்டும். எண்ணெய்ப் பசையோடு இருக்கும் கூடு சேம்பரைக் கவ்வாது, முழு விசையும் போல்ட்டின் மேல் போய் விழும். அப்படிச் சுட்டால் கூடு நீளாது என்று ஒருவர் யோசனை சொல்கிறார். கூட்டைக் காப்பாற்ற ரைஃபிளைப் பலி கொடுக்க வேண்டாம்.

17 ஜனவரி

அனீலிங். முதல் நாள் "4 முறைக்கு ஒருதரம்" என்று போகிறபோக்கில் எழுதினேன். எப்படி என்று சொல்லாமல் விட்டது ஆபத்து.

தோட்டாக் கூட்டின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இரும்பைப்போல் இதைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் கடினமாகாது. அடித்தால், அமுக்கினால்தான் இறுகும், சூடு காட்டினால்தான் இளகும். தண்ணீரில் போடுவது சூடு அடிப்பகுதிக்கு ஓடாமல் நிறுத்த மட்டும். தொழிற்சாலையில் ஒரு வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, படிப்படியாக இழுத்து நீட்டித்தான் கூடு செய்கிறார்கள். இடையிடையே சூடாக்கி இளக்குவார்கள். கடைசியில் கழுத்தையும் தோளையும் மட்டும் இளக்கிவிட்டு, அடியை இறுகிய நிலையிலேயே விடுவார்கள். ராணுவக் கூடுகளின் கழுத்தில் தெரியும் நீலப்பழுப்பு நிறம் அந்தச் சூட்டின் அடையாளம். வணிகக் கூடுகளில் அதைத் துலக்கி எடுத்துவிடுகிறார்கள்.

250 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை நேரம் காட்டினாலும் கழுத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. கழுத்துக்கு 400 டிகிரிக்குக் குறையாமல் சில நொடிகள் வேண்டும். அதே நேரத்தில் அடி சூடாகவே கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலையே. கூட்டை ஒரு சாக்கெட்டில் நிறுத்தி, கைத்துளைப்பானில் மெதுவாகச் சுற்றவிட்டு, கேஸ் சுடரின் நுனியைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்டுகிறேன். வெப்பம் காட்டும் வண்ணத்தைக் கழுத்தின் உள்ளேயும், தோளுக்குக் கீழே உடலிலும் பூசி, எத்தனை நொடி என்று முதல் சில கூடுகளில் கண்டுபிடித்துக்கொண்டால் மீதிக்கு அதே எண்ணிக்கை.

கையில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டும் முறை ஒன்று உண்டு. விரல் சுடும்போது விட்டுவிட வேண்டுமாம். அதில் கழுத்து போதுமான சூட்டை எட்டுவதில்லை. கரி படிந்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், அவ்வளவுதான்.

ஓவனில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அங்கே அடியும் சேர்ந்து சூடேறும். கழுத்து இளகும் அளவுக்கு ஓவனின் சூட்டை ஏற்றினால் அடியும் இளகிவிடும். இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்தால் வாயு நேராகச் சுடுபவரின் முகத்துக்கு வரும். அப்படி நேர்ந்த கூட்டைச் சரி செய்ய வழி இல்லை.

17 ஜனவரி, தொடர்ச்சி

பித்தளைக்குள் தங்கிய இறுக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. பிரித்தானிய இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். யாரும் தொடாமலே கூடுகள் பிளந்துபோயின. மழைக்காலத்தில் வந்ததால் "பருவ வெடிப்பு" என்ற பொருளில் அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. பல ஆண்டுகள் காரணம் புரியவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள்: குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், செய்யும்போதே பித்தளையில் தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் பிளக்கவைக்கின்றன. இறுக்கத்தை அனீல் செய்து நீக்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

நம் மேசைக்கும் இது பொருந்தும். நிரப்பி அலமாரியில் வைத்த தோட்டா, சுடாமலே கழுத்துப் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குண்டைக் கவ்வி நிற்கும் கழுத்தில் அந்த இறுக்கம் எப்போதும் இருக்கிறது. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுத் துலக்குபவர்கள் அதை இன்றே நிறுத்துங்கள்.

20 ஜனவரி

துலக்குவது பற்றிக் கேள்விகள் குவிந்திருக்கின்றன. வினிகரில் இரவெல்லாம் ஊறவைத்தேன், கூடு இளஞ்சிவப்பாகிவிட்டது என்கிறார் ஒருவர். துத்தநாகம் கரைந்து வெளியேறி, மேலே செம்பு மட்டும் நிற்கிறது. அந்தக் கூடுகளை நான் பயன்படுத்த மாட்டேன். சிட்ரிக் அமிலம் மிகக் கொஞ்சமாக, சில நிமிடங்கள், அப்புறம் நன்றாக அலசல். அது போதும். பளபளப்பு சுடுதலுக்கு எதையும் சேர்ப்பதில்லை, கீறலும் கோடும் கண்ணுக்குத் தெரியும் அளவு சுத்தம் போதும்.

எனக்குக் கவலை தூசி. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டின் உள்ளே இருக்கும் கரியில் ஈயம் உண்டு. வால்நட் ஓட்டுத் தூளில் அதிரவைத்துத் துலக்கி, மூடியைத் திறந்து சலிக்கும்போது எழும் தூசியை நாம்தான் மூச்சில் இழுக்கிறோம். சில ஆண்டுகள் அந்த வேலையை நான் மூடிய அறையில், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அடுத்தாற்போல் செய்தேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. அதைப் படித்த அன்றே பரிசோதனை செய்தோம். குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கூடியிருந்தது. இப்போது தண்ணீரில், எஃகு ஊசிகளோடு உருட்டித் துலக்குகிறேன், தூசியே இல்லை. கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. அந்த வேலைக்கென்று தனிச் சட்டை.

24 ஜனவரி

பொறுக்கிய ராணுவக் கூடுகள். முதலில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் பாக்ஸர் வகைப் பிரைமர், ஓரமாக இரண்டு சிறு துளை என்றால் பெர்டான் வகை. பெர்டானில் பிரைமரைத் தள்ளும் ஊசிக்கு வழியே இல்லை, வழக்கமான டையில் போட்டால் ஊசி உடையும். இரண்டும் 1860-களில் வந்தவை. அமெரிக்கரான பெர்டானின் முறை ஐரோப்பாவில் பரவியது, ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது.

பாக்ஸர் என்றாலும் ராணுவக் கூட்டில் பிரைமரைச் சுற்றி நெருக்கி அடித்திருப்பார்கள். அந்த விளிம்பைச் சீவாமல் புதுப் பிரைமர் உட்காராது. வற்புறுத்தி அழுத்த வேண்டாம். 7.62 நேட்டோ கூடுகளின் சுவர் பெரும்பாலும் தடிப்பு, உள்ளே இடம் குறைவு. அதே மருந்து அளவு அதில் கூடுதல் அழுத்தம் தரும். அச்சிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டவை என்றால் நான் தொடுவதே இல்லை. பெரிய சேம்பரில் ஏற்கெனவே இழுபட்டு வந்திருக்கும், நம் கணக்கு தொடங்கும் முன்பே பாதி ஆயுள் போயிருக்கும்.

24 ஜனவரி, இரவு

பிரைமர் குழி தளர்ந்த கூடு பற்றி ஒரு வரி. பிரைமரை உட்காரவைக்கும்போது கையில் எதிர்ப்பே தெரியாவிட்டால் அந்தக் கூடு முடிந்தது. ஒன்றிரண்டு என்றால் வயசு. ஒரு தொகுதி முழுவதும் இரண்டு மூன்று சுடுதலிலேயே தளர்ந்தால் மருந்து அதிகம், கூட்டின் மேல் பழி போடாதீர்கள்.

28 ஜனவரி

நீளம் வெட்டுவது. .308-க்கு உச்ச நீளம் 51.18 மி.மீ., வெட்டி நிறுத்துவது 50.93. உச்சத்தைத் தாண்டினால் கழுத்தின் வாய் சேம்பரின் முனையில் முட்டி, குண்டைக் கவ்விப் பிடித்துவிடும். குண்டு எளிதாக வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும். இதெல்லாம் எல்லோரும் சொல்வது.

எனக்குத் தாமதமாகப் புரிந்தது வேறு. வெட்டி விழும் அந்தப் பித்தளைச் சீவல் எங்கிருந்து வந்தது? கூடு எடை கூடவில்லை. உடலிலிருந்து முன்னால் நகர்ந்த பித்தளைதான் கழுத்து வழியே நீள்கிறது. டையைச் சரியாக வைத்த பிறகு, நான் வெட்ட வேண்டிய தேவை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அடி கழன்ற அந்தத் தொகுதியை இரண்டு முறைக்கு ஒருதரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதுவே ஓர் எச்சரிக்கை என்று அப்போது தெரியவில்லை. அடிக்கடி வெட்டுகிறவர்கள் இன்றைக்கே தோளை அளந்து பாருங்கள்.

3 பிப்ரவரி

உங்கள் அளவுகள் வந்தன. சுட்டது 41.45, டைக்குப் பின் 41.25. ஒவ்வொரு முறையும் 0.20 மி.மீ. மூன்று முறை டையில் போயிருக்கிறது, மொத்தம் 0.60. என்னுடைய பழைய தவற்றுக்கு வெகு அருகில் இருக்கிறீர்கள். "தாளில் உள்ளபடிதான் வைத்தேன்" என்கிறீர்கள். தெரியும்.

டையை ஏறக்குறைய 30 டிகிரி மேலே ஏற்றித் தொடங்குங்கள், மறுபடி அளந்து பாருங்கள். இது புதிதாக வாங்கப் போகிற கூடுகளுக்கு. பழையவற்றில் நான்கை எடுத்து அறுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

6 பிப்ரவரி

படங்களைப் பார்த்தேன். மூன்றில் மெல்லிய நிழல்போல ஒரு கோடு. நான்காவதில் குழிவு தெளிவாகத் தெரிகிறது, சுவர் அங்கே பாதிதான் இருக்கிறது. கிளிப்பைப் போட்டு மீதி 196-இல் நல்லதைப் பிரிக்கலாமா என்கிறீர்கள்.

ஜனவரி 9-இல் கிளிப் பற்றி நான் எழுதியதை வைத்துத்தான் கேட்கிறீர்கள், அதனால் அதையும் திருத்துகிறேன். கிளிப் பள்ளத்தைக் காட்டும், பள்ளமாகப் போகும் நிழலைக் காட்டாது. அந்த மூன்று கூட்டிலும் கிளிப் தட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே பெட்டியில் வாங்கி, ஒரே டையில் போட்டு, ஒரே சேம்பரில் சுட்ட கூடுகள். நான்கில் நான்கும் மெலிந்திருந்தால் மீதியும் அதே வழியில்தான் இருக்கும். நானாக இருந்தால் 200-ஐயும் கழித்துவிடுவேன். தோளை இனி சரியாகத் தள்ளினால் இன்னும் ஒரு சுற்று தாங்கலாம் என்று வாதம் செய்ய முடியும். அந்த ஒரு சுற்றுக்காக உங்கள் முகத்தைப் போல்ட்டின் பின்னால் வைக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

7 பிப்ரவரி

என் இப்போதைய கணக்கைக் கேட்டீர்கள். .308-இல் ஒரு தொகுதி, 50 கூடுகள், பெட்டியின் மூடியில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு சுடுதலும் குறித்திருக்கிறது. 14 முறை ஆகிவிட்டது. நான்கு கழுத்தில் பிளந்து போயின, இரண்டு பிரைமர் குழி தளர்ந்து போயின. போன மாதம் ஒன்றை அறுத்துப் பார்த்தேன், சுவர் சீராக இருந்தது. 18-ஆவது முறைக்குப் பிறகு இன்னொன்றை அறுப்பேன்.

பழைய 200-ஐ அப்படியே பழைய பித்தளைக்குப் போட வேண்டாம். ஒவ்வொன்றின் கழுத்தையும் பிளையரால் நசுக்கிவிட்டுப் போடுங்கள். நசுக்காமல் ஓரமாக வைத்த நான்கைந்து கூடு எப்படியோ நல்ல பெட்டிக்குத் திரும்பி வந்துவிடும், எனக்கு வந்திருக்கிறது.